இஸ்திரி போட்ட கோரிக்கைகள்

எனக்கு எண்பத்திரண்டு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் என் கையால் சோறு தின்றுதான் ஆளானார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புவரை போனேன். என் பெயரை எழுதுவேன், காலண்டரில் எழுத்துக்கூட்டி நல்ல நேரம் பார்ப்பேன், அதற்கு மேல் என்னைக் கேட்கக் கூடாது. ஆனால் என் அலமாரியில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு சின்னத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு, ஓரங்கள் இப்போது பழுப்பேறிவிட்டன. அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பெரிய படிப்புப் படித்தவரும் நானும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய தாள் இந்த வீட்டில் அது ஒன்றுதான். நேற்று சேலைகளை வெயிலில் காட்ட எடுத்தபோது அது கீழே விழுந்தது. "என்ன பாட்டி இது, தீஞ்சு போன பேப்பரா?" என்று பேத்தி கேட்டாள். உட்காரு, சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

அது என் மூத்த மருமகளின் தாள். அவளை நான்தான் பார்த்து எடுத்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஜாசின் பக்கத் தோட்டத்துப் பெண். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். மற்ற பெண்களாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருப்பார்கள். இவள் நின்று, "நெசமாவே சீனி போதுமா, இல்ல வந்த எடத்துல எதுக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். சீனி போதவில்லைதான். அவளுடைய அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்தத் தாளின் கதை நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். நாங்கள் தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வெளியே செங் பக்கம் ஒரு தாமானில் வரிசை வீட்டுக்குக் குடிவந்து சில வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கிற ஜாகா வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். மகன் லாரி ஓட்டினான். மருமகளுக்கு மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் வேலை கிடைத்தது. கடைகளுக்குப் பில் போடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம் செய்து விற்கிற கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளித் தம்பி, கோலாலம்பூரில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற ஒருவர், இவள், ஒரு ஃபேக்ஸ் மெஷின், அவ்வளவுதான். இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள். தோட்டத்தில் ஆபீஸ் என்றால் ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்ற இடம். நான் அக்கம்பக்கத்தில் சொல்லாத வீடு இல்லை. மோட்டாரில் வருகிற மீன்காரனுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் அந்த நாற்காலி அப்போது அவளுக்கு முழுசாகச் சொந்தமில்லை. தீபாவளிக்கு முன்னால் புரோகிராமைப் புதுசாக மாற்றி எல்லாக் கடைக்கும் கொடுக்கப்போகிறோம், அதற்கு நீ எப்படிப் பிரித்துக் கொடுக்கிறாய் என்று பார்த்துத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளித் தம்பி சொல்லியிருந்தார். சரிப்படவில்லை என்றால் சிரம்பானில் அவருடைய சித்தப்பா மகள் சும்மாதான் இருக்கிறாளாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

என்னம்மா பிரிக்கிறாய் என்று நான் ஒருநாள் கேட்டேன். "கடைக்காரங்க புரோகிராம்ல இது வேணும், அது வேணும்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க அத்தே. எல்லாத்தையும் செய்ய ஆள் இல்ல. எதை மொதல்ல செய்யணும், எதைப் பொறவு செய்யணும், எதைச் செய்யவே வேணாம்னு நான் சொல்லணும்" என்றாள். ஏழு பிள்ளைகள் கேட்டதை நான் சம்பளம் இல்லாமல் பிரித்தேனே என்றேன். "அதான் உங்க வீட்டுக்கு வந்தேன், தொழில் கத்துக்கலாம்னு" என்றாள். வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு.

கடைக்காரர்கள் கேட்பதெல்லாம் ஃபேக்ஸில் வரும். அந்தக் காலத்து ஃபேக்ஸ் தாள் வழுவழுவென்று மெல்லிசாக இருக்கும். மெஷினிலிருந்து வந்ததும் அப்பளம் மாதிரிச் சுருண்டுகொள்ளும், மேசையில் வைத்தால் நிற்காது. ஆபீசில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், அங்கே பிரிக்க முடியவில்லை என்று ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து சாமி மேடை ஆணிவரைக்கும் என் ஹாலில் மூன்று கயிறு கட்டினாள். துணி கிளிப்பை எடுத்து ஒவ்வொரு தாளாக மாட்டினாள். அடுப்படிப் பக்கத்துக் கயிறு, இது இல்லாவிட்டால் கடை ஓடாது என்பதற்கு. நடுக்கயிறு, இருந்தால் நல்லது. வாசல் பக்கத்துக் கயிறு, நல்லபடியாகப் பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டியது. ஒவ்வொன்றையும் மாட்டும்போது எனக்கும் படித்துச் சொன்னாள். ஒருவருக்குப் பில்லில் முருகன் படம் வேண்டுமாம். ஒருவருக்குக் கண் தெரியவில்லை, எழுத்துப் பெரிதாக வேண்டுமாம். கிளேபாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற ஒருவருக்குப் பணப்பெட்டி திறந்தால் மணி அடிக்க வேண்டுமாம், அவருடைய மச்சான் கடையில் நிற்கிறாராம்.

எல்லாவற்றையும்விட நீளமான தாள்கள் ஃபர்னிச்சர் கடை முதலாளியுடையவை. அவருடைய கடைக்காகத்தான் அந்தப் புரோகிராமை முதன்முதலில் எழுதினார்கள். அந்த உரிமையில் வாரம் தவறாமல் அனுப்புவார், கொட்டை எழுத்தில். கம்ப்யூட்டரில் கடைப்பெயர் ரயில் மாதிரி ஓட வேண்டும், தீபாவளிக்குத் திரையைச் சுற்றிப் பூ பூக்க வேண்டும். கிளிப்பில் மாட்டினால் தரையைத் தொடும். "யாருடா இவன், ஆள் ஒசரத்துக்கு எழுதியிருக்கான்" என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று அளந்து பார்த்தார். அவரை மட்டும் கோபித்துக்கொள்ள விடாதே என்று முதலாளித் தம்பி சொல்லியிருந்தாராம். அதனால் அவை அடுப்படிப் பக்கம் ஏறின. வாசல் பக்கத்துக் கயிற்றின் கடைசியில் பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டு தொங்கியது. இது என்ன என்றேன். "தஞ்சோங் கிளிங்ல ஒரு மளிகைக்கடை அக்கா. அவங்க ஒரு ஆளுதான் இதைக் கேட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருக்குச் சுருக்கம் ஆகாது. ஜாகா வேலையில் இருந்த காலத்தில் சட்டை மடிப்பில் காய் நறுக்கலாம். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். கைக்குட்டை, தலையணை உறை, மேசை விரிப்பு, எதையும் விடமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளும் மகனும் பசாருக்குப் போயிருந்தார்கள். நான் அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் தன் சட்டைகளை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறார். மூன்று கயிறு நிறையச் சுருண்ட காகிதம்.

முதல் தாள் கறுத்ததும் பெட்டியில்தான் அழுக்கு என்று நினைத்தாராம். ஈரத்துணியால் துடைத்தாராம். இரண்டாவதும் கறுத்தது. சூட்டைக் குறைத்தாராம். அதுவும் கறுத்தது. சரி, இந்தக் காகிதத்துக்கு இதுதான் நிறம்போல, காய்ந்தால் வெளுத்துவிடும் என்று முடிவுக்கு வந்து, எல்லாவற்றையும் நிதானமாகத் தேய்த்து முடித்திருக்கிறார். ஜாகா அல்லவா, ஒழுங்கு மாறாது. எந்தத் தாள் எந்தக் கயிற்றில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் அதே கிளிப்பைப் போட்டு மாட்டியும் வைத்துவிட்டார். நான் இடியாப்பத் தட்டோடு வெளியே வந்தபோது ஹால் முழுக்கக் கறுப்புக் கொடி. ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை.

மருமகள் பசார்க் கூடையோடு வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பெட்டியத் தொடச்சுத் தொடச்சுதாம்மா போட்டேன்" என்றார் இவர். அந்தத் தாளுக்குச் சூடு ஆகாதாம், சூடு பட்டால் முழுசும் கறுத்துவிடுமாம், அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் அவர்மேல் பாய்ந்தேன். அவள் பாயவில்லை. "விடுங்க அத்தே, மாமா நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்று சொல்லிவிட்டு ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயந்திரம் முதலாளித் தம்பி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, பிரித்து வைத்ததை வாங்கிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போவதாக ஏற்பாடு. வேலை நிலைக்குமா, சிரம்பான் பெண்ணுக்குப் போகுமா என்பது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள். "ஃபர்னிச்சர்காரர் கேட்டது ஒன்னு விடாம ஞாபகம் இருக்கு. முருகன் படம் ஞாபகம் இருக்கு, மணி ஞாபகம் இருக்கு. சத்தம் போட்டவங்க கேட்டது மட்டுந்தான் மனசுல நின்னுருக்கு அத்தே. அந்தத் துண்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னே தெரியல" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். காகிதம் போனதற்காகக் கலங்கவில்லை, தன் மனசும் அப்படித்தான் பிரித்திருக்கிறது என்றுதான் கலங்கினாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். கடை நம்பர்கள் கைவசம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையிலும் கடை திறந்திருக்கும். தாள் கறுத்துப்போன கதையை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். சொல்லி முடித்ததும் புதுசாக ஒன்றையும் கேட்டாள்: "இது இல்லாம இப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க?" அந்தக் கேள்விக்குச் சிலர், அதெல்லாம் சும்மா கேட்டதுதான் என்றார்கள். முருகன் படக்காரர் சிரித்துவிட்டார், சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன் என்று. தஞ்சோங் கிளிங் கடையில் மட்டும் போனை யாரும் எடுக்கவில்லை. "பஸ்ஸுக்குப் போயிடலாம், நானும் வர்றேன், கருவாடு வாங்கணும்" என்றேன். இவர் மோட்டாரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நீங்கள் எதையும் தொடாமல் வீட்டில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

கடலோரச் சாலையில் சின்னக் கடைதான். அந்த அக்காவின் மகன் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பக்கத்து ஹோட்டலில் வேலை செய்கிற மகள்தான் அந்த ஃபேக்ஸை அனுப்பியது. போன் ஏன் எடுக்கவில்லை என்றால், கடையில் அவ்வளவு ஆள். போன வேலை போகட்டும் என்று நான் முதலில் அரைக்கிலோ பருப்பு கேட்டேன். அக்கா நிறுத்தாள். கம்ப்யூட்டரில் ஒன்று என்று தட்டினாள். பிறகு விலையை அழித்துப் பாதி விலையைப் போட்டாள். மருமகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏன் ஒன்று போட்டீர்கள் என்றாள்.

"வேற எப்படிப் போடுறது? அதுக்கு அரை தெரியாதும்மா. முழுசுதான் தெரியும். காக்கிலோ கேட்டாலும் ஒன்னு, அரைக்கிலோ கேட்டாலும் ஒன்னு. நாள் முச்சூடும் அதுகிட்டப் பொய் சொல்றதே என் பொழப்பு" என்றாள் அக்கா. மருமகள் தான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும் எங்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். "இங்க பாரு. பருப்பு தீந்து ரெண்டு வாரம் ஆச்சுன்னு அது சொல்லுது. மூட்டை என் முன்னால நிக்குது. நான் எதை நம்புறது, அதையா, மூட்டையையா?"

மருமகள் மூட்டையின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஃபர்னிச்சர் கடைக்கு எழுதிய புரோகிராம். நாற்காலியை யார் அரையாக விற்கிறார்கள்? மருமகள் மெதுவாக, இதை நீங்கள் ஏன் பெரிதாகச் சொல்லவில்லை, ஒரு வரி எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். "சொன்னேனே, அரை போட வழி வேணும்னு. ஒரு வாட்டி சொன்னாப் போதாதா? பொறவு பார்த்தேன், நாமளே சமாளிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள் அக்கா.

அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கூரை ஒழுகும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கும்போது ஆபீஸ் கிராணியிடம் சத்தம் போட்டுச் சொன்னவர்கள் வீட்டுக்கு முதலில் தகரம் வந்தது. நான் ஒரு தடவை சொன்னேன், அப்புறம் கீழே வாளியை வைத்தேன். மழைக்காலம் வந்தால் வாளி, போனால் எடுத்து வை. பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டார்கள். வாளி வைத்த வீட்டுக்கு எந்தக் குறையும் இல்லை என்று ஆபீசில் நினைத்திருப்பார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் மருமகளிடம் இதைச் சொன்னேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கருவாட்டுப் பொட்டலம் அவள் மடியில் இருந்தது, அதன் நாற்றம்கூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி போன். இந்தத் தடவை மற்றக் கடைக்காரர்களிடம் ஒரே விஷயம்தான்: அரையை எப்படிப் போடுகிறீர்கள்? டவுனில் துணிக்கடை வைத்திருந்த பாய் போனிலேயே பெருமூச்சு விட்டார். "சட்டைத் துணி ரெண்டரை மீட்டர் வெட்டுறேன். உன் புரோகிராமு ரெண்டுன்னா ரெண்டுங்குது, மூணுன்னா மூணுங்குது, ரெண்டரைய வாங்கவே மாட்டேங்குது. மீட்டரே வேணாம்னு சென்டிமீட்டர்ல போட்டேன். ஒரு மலாய்க்கார மக்சிக் பில்லுல இருநூத்தம்பதுன்னு இருக்கறதைப் பார்த்துட்டு, துணியப் போட்டுட்டு ஓடியே போயிருச்சு லா." அப்படியென்றால் ஏன் பாய் இதைக் கேட்கவில்லை என்றாள். "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன் பாப்பா." காய்கறிக்கடையிலும் அதே பதில்தான், ஆணி விற்கிற சீனத் தவுக்கே கடையிலும் அதே பதில்தான். எல்லாரும் வாளி வைத்திருந்தார்கள்.

சாயந்திரம் முதலாளித் தம்பி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, நெற்றியில் எப்போதும் ஒரு கவலைக் கோடு. உள்ளே வந்தவர் மூன்று கயிற்றையும் பார்த்து நின்றுவிட்டார். மருமகள் மூடி மறைக்கவில்லை. "எல்லாம் போச்சு சார். இஸ்திரி போட்டாச்சு" என்றாள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், துரையின் முன்னால் நிற்பதுபோல. "நாந்தான் தம்பி. சுருண்டு கெடந்துச்சு. அவமேல தப்பு இல்ல." முதலாளித் தம்பி ஒரு தாளைக் கிளிப்போடு தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க அங்கிள்" என்றார். அது கோபமா, கேலியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் கோப்பி கலக்க உள்ளே போனேன், காது மட்டும் வெளியே.

அவள் சொன்னாள். அரைதான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். இத்தனை கடை பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தீபாவளி நெரிசலில் எல்லாக் கணக்கும் குழம்பும், அப்புறம் கம்ப்யூட்டரையே மூலையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றாள். "அப்ப ஃபர்னிச்சர் அண்ணன்? பூவும் ரயிலும் இல்லன்னா நாளைக்கு என் கழுத்தைப் பிடிப்பாரு. ரெண்டையும் செய்ய நேரம் இல்ல, தெரியும்ல?" என்றார். தெரியும் என்றாள். "நீங்களே ஒரு போன் போட்டு, அது இல்லாம இப்ப எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு மட்டும் கேளுங்க சார். கடை ஓடலன்னு அவர் சொன்னா, அரைய நானே கீழ எறக்கிடுறேன். சிரம்பான் அக்காவுக்கும் நாளைக்கே சொல்லிடுங்க."

அந்தக் கடைசிப் பேச்சு எதற்கு என்று நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டேன். முதலாளித் தம்பி என் வீட்டுப் போனைச் சுழற்றினார். நலம் விசாரித்தார், கேட்டார். பிறகு வெகுநேரம் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்தபோது நெற்றிக்கோடு காணவில்லை. "போன வாரம் என்ன கேட்டோம்னே அவருக்கு ஞாபகம் இல்லையாம். பூவா, அது போன தீபாவளிக்குக் கேட்டதாச்சேங்கறாரு. இப்ப வேற ஒன்னு வேணுமாம், யோசிச்சு நாளைக்கு ஃபேக்ஸ் அனுப்புறாராம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார்.

போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நாளைலேருந்து ஃபேக்ஸை வீட்டுக்குக் கொண்டுவராதே. ஆபீஸ்லயே கயிறு கட்டிக்க. ஆணி நான் அடிச்சுத் தர்றேன்" என்றார். ஆணி அடித்துத் தருகிறேன் என்றால் வேலை நிரந்தரம் என்றுதானே அர்த்தம்? அவர் வேறு மாதிரி அதைச் சொல்லவே இல்லை. தீபாவளிக்கு முன்னால் அரை வந்தது. அந்த மளிகைக்கடை அக்கா எங்கள் வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாள். பாய் கடையில் எனக்கு ரவிக்கைத் துணி எடுத்தபோது பில்லை நானே கேட்டு வாங்கினேன். புள்ளி வைத்துப் போட்டிருந்தது, பாய் விரலை வைத்துக் காட்டினார். ஃபர்னிச்சர் கடைக்கு அடுத்த வருடம் பூ பூத்ததாம். அதற்குள் அவர் வேறு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மருமகள் அந்த நாற்காலியில் நரை விழுகிறவரைக்கும் உட்கார்ந்தாள். கடைசியில் அவளுக்குக் கீழே ஒரு அறை நிறையப் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்துகொண்டது. சைக்கிள் வேண்டும் என்றாலும், புது டிவி வேண்டும் என்றாலும், இது இல்லாமல் இப்போது எப்படிச் சமாளிக்கிறாய் என்றுதான் முதலில் கேட்போம். கேட்காமலே இருக்கிற பிள்ளையிடம் அவள் தானாகப் போய்க் கேட்பாள். என்னிடமும் வந்து கேட்பாள், கோப்பியில் சீனி போதுமா என்று. இப்போது ஓய்வு பெற்று, இதோ பின்னால் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மகள்தான் இதை எழுதுகிறவள். இவளும் அதே மாதிரி வேலையில்தான் இருக்கிறாள். கேட்கிறவர்கள் எல்லாரும் கைப்போனிலேயே கேட்கிறார்கள், சுருளவும் சுருளாது, இஸ்திரி போடவும் முடியாது. தாத்தா இருந்தால் அவருக்கு வேலையே இருந்திருக்காது. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தக் கறுப்புத் தாள்களை மருமகள் குப்பையில் போடப் போனபோது, பஸ் டிக்கெட் அளவு இருந்ததை மட்டும் நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் சுருளவில்லை. அவர் கை அப்படி.

அம்மாடி, எழுதினது போதும், இப்போது இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. நீளமாகிவிட்டது என்று உன் முகம் சொல்கிறது. குறைக்க வேண்டும் என்றால் குறைத்துக்கொள். எந்த இடம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்று பட்டால் அதை எடுத்துவிடு, கருவாட்டைக்கூட எடு. உன் தாத்தா கிளிப்பை அதே இடத்தில் திரும்ப மாட்டினாரே, அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதே. ம், வாசி.